வேலிக்கு இந்தப் பக்கம்

நேற்றைய ரொட்டி ஆகாது.
முந்தாநாளையது வேண்டும்.
பிறைபோல் வளைந்த ஆறு கிஃப்லிகள்
துணிப்பையில் கிடந்து விறைத்திருந்தன;
மேசையில் தட்டினால் மரக்கட்டைச் சத்தம்.
அதுதான் பதம்.

டியோஷ்ட்யோரில் நவம்பர்.
எங்கள் பேட்டையின் பெயரிலேயே அக்ரூட் இருக்கிறது.
கடைசி டிராமைப் பணிமனையில் விட்டு
வீடு சேர்ந்தபோது பதினொன்றே முக்கால்.
பகலெல்லாம் தண்டவாளத்தில் போன உடம்பு
படுத்தாலும் போய்க்கொண்டே இருக்கும்.
பால் காய்ச்சலாம் என்று எழுந்தேன்.

வனிலாக் காயைப் பிளந்து
கத்தி முனையால் கறுப்பு விதையை வழித்துப் போட்டேன்.
மஞ்சள் கரு மூன்று. சர்க்கரை கண்ணளவு.
எலுமிச்சைத் தோலைச் சீவும்போது
வெள்ளை வரக்கூடாது, வந்தால் கசக்கும்.
பாத்திரத்தில் வெண்ணெய் தடவத் தனியாக ஒன்றும் வேண்டாம்,
வெண்ணெய் சுற்றிவந்த காகிதமே போதும்.
ரொட்டியை வட்டம் வட்டமாக அரிந்து பாலில் அமுக்கினேன்.
குடித்தது, குடித்தது,
இன்னும் கொஞ்சம் என்றது.

அக்ரூட்டைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

மரம் கெலெமெனுடையது. கிளை என் பக்கம்.
வெட்டச் சொல்லி நகராட்சிக்கு எழுதியவள் நான்.
ஓடு இரண்டு உடைந்தது, மழைக்குழாய் முழுக்க இலை,
அந்த நிழலில் தக்காளி தலையெடுப்பதில்லை.
அவரும் எழுதினார்:
இரும்பாலை மூடிய வருஷம்கூட
காய்க்கத் தவறாத மரம் என்று.
மூன்று வருஷமாகக் கடிதங்கள்தாம் பேசிக்கொள்கின்றன.

ஆனால் அக்டோபர்க் காற்று யாரைக் கேட்கிறது?
விடியுமுன் என் தோட்டத்தில் டொக், டொக்.
பச்சைத் தோலை உரித்தால் விரல் கறுத்துவிடும்,
பத்து நாள் சோப்புக்கும் அசையாது.
ஒருமுறை வேலியோரம் அவர் பார்வை
என் விரலில் வந்து நின்றது.
கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அந்தக் காய்கள்தாம். உடைத்து, இடித்து,
ஒரு வரிசை ரொட்டி, ஒரு வரிசை அக்ரூட்,
நடுவில் பிளம் ஜாம், மேலே மறுபடி அக்ரூட்.
அவனில் வைத்துப் பதினைந்து நிமிஷம் இருக்கும்,
உள்ளே ஒரு வெடிப்பு. விளக்கு அணைந்தது.
கம்பி போய்விட்டது.
ஓரம் மட்டும் பிடித்திருந்தது;
நடுவில் குளம்போல் ஆடியது பால்.

தெருவில் ஒரே ஒரு சன்னலில் வெளிச்சம்.

கம்பளித் தொப்பியோடு கதவைத் திறந்தார்,
முதலில் பாத்திரம் நுழையும் அளவு,
பிறகு நான் நுழையும் அளவு.
"அடுப்பு போய்விட்டது" என்றேன்.
அவர் தீப்பெட்டியைத் தேடினார்.
மேசைமேல் ஒரு கோப்பு, அதில் என் பெயர்,
பிரோஷ்கா, குடும்பப் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.
அதை நகர்த்திப் பாத்திரத்துக்கு இடம்விட்டார்.

எரிவாயு நீலமாகப் பிடித்தது.
இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோம்.
அவர் குறுக்கெழுத்தில் இரண்டு கட்டம் நிரப்பினார்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்,
கடிகாரம் நின்றுபோனது என்று தெரியும்வரை.
வாசனை வந்தபோது
இருவருமே நிமிர்ந்தோம்.

நாக்கு சுடச் சுட ஒரு கரண்டி.
மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.
"வடக்குக் கிளைக் காய்.
கொஞ்சம் கசப்பு தூக்கலாக இருக்கும்.
வறுத்துப் போட்டிருக்கலாம்."

"அடுத்த வருஷம் வறுக்கிறேன்" என்றேன்.

கரண்டி பாத்திரத்தின் ஓரத்தைச் சுரண்டும் சத்தம்.
கருகிய மூலையை அவரே எடுத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
புதன்கிழமை பத்து மணி விசாரணைக்கு
எந்த டிராமில் போனால் சரியாக இருக்கும்?

ஒன்பது இருபது, ஒன்றாம் எண், என்றேன்.
முன்பக்கம் ஏறுங்கள்.
பின்னால் ஹீட்டர் வேலை செய்யாது.